விளக்குக்கு முன் தண்ணீர்: நீலகிரி மாவட்டப் பேரிடர் மேலாண்மைக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மாவட்ட நிர்வாகத்தினருக்கும், மின்பகிர்மானம், குடிநீர், நெடுஞ்சாலை, வனம், ஊரக வளர்ச்சி ஆகிய துறைகளின் பொறியாளர்களுக்கும் அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

ஒவ்வொரு பருவமழைக்கும் முன் நீங்கள் எல்லோரும் கூடிப் பேசுகிறீர்கள். மறுநாள் பேப்பரில் செய்தி வருகிறது. மாவட்டத்தில் 283 இடங்கள் அபாயகரமானவை, மண்டலக் குழுக்கள் தயார், மணல் மூட்டையும் பொக்லைனும் தயார், 1077 உதவி எண் இரவு பகலாக இயங்கும். அந்தச் செய்தியை வருஷாவருஷம் கத்தரித்து வைக்கிறவன் நான். கேலிக்காக அல்ல. 2009 நிலச்சரிவுகளுக்குப் பிறகு உயிரைக் காக்கும் வேலையில் இந்த மாவட்டம் நிறையவே தேறியிருக்கிறது. மழை வலுக்கும் முன்பே ஆட்களை முகாமுக்கு அழைத்துப்போகிறீர்கள். அதற்கு நன்றி சொல்லாமல் மேலே எழுதுவது முறையாகாது.

இந்த மடல் அதற்கு அடுத்து வரும் நாட்களைப் பற்றியது. மழை ஓய்ந்து, சரிந்த மண்ணை ஓரமாக ஒதுக்கி, முகாமில் இருந்தவர்கள் வீடு திரும்பி, மீட்புப் படையினர் வண்டியேறிப் போன பிறகு உள்ள நாட்கள். அப்போது ஊரில் இரண்டே கேள்விதான். கரண்ட் எப்போது வரும்? தண்ணி எப்போது வரும்? முதல் கேள்விக்கு ஒரு துறை பதில் சொல்கிறது, இரண்டாவதற்கு வேறொரு துறை. இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த இரண்டு பதில்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய பொறுப்பு யாருடையது என்று எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை.

நான் கோத்தகிரி வட்டத்தில் ஒரு சிறு தேயிலை விவசாயி. எங்கள் ஊர்க் குடிநீர்க் குழுவில் கணக்குப் பார்க்கிறேன். பொறியாளன் அல்ல. ஆனால் மோட்டார் ரூம் சாவி நெடுங்காலம் என் வீட்டு ஆணியில்தான் தொங்கியது. அந்த உரிமையில் கேட்கிறேன்: மலையில் பேரிடருக்குப் பிறகு மின்சாரம் முதலில் போய்ச்சேர வேண்டிய இடம் குடிநீர் மோட்டார். "சீரமைப்பு முடிந்தது" என்று நீங்கள் எழுதுவது டிரான்ஸ்பார்மரில் கரண்ட் ஏறியதை வைத்து இருக்கக் கூடாது, குழாயில் தண்ணீர் விழுந்ததை வைத்து இருக்க வேண்டும்.

ஏன் மலைக்கு மட்டும் தனி நியாயம் என்று கேட்பீர்கள். சமவெளியில் மோட்டார் ஓடாவிட்டால் லாரி ஓடும். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவில் லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. அங்கே பட்ட துன்பத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் மரத்தை அறுத்துத் தள்ளிவிட்டால் அங்கே சாலை சாலையாக இருக்கும், தண்ணீர் லாரி ஊருக்குள் வந்துவிடும். இங்கே கம்பத்தைச் சாய்க்கிற அதே சரிவு சாலையையும் தின்றுவிடுகிறது, சாலையோரம் புதைத்த குழாயையும் சேர்த்துத் தின்றுவிடுகிறது. 1993 நவம்பரில் மரப்பாலம் நிலச்சரிவில் என்ன நடந்தது என்று குன்னூர்ப் பெரியவர்களைக் கேளுங்கள். 2009 நவம்பர் 8 முதல் 10 வரை பெய்த மழையில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கேத்தியில் அப்போது ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. சென்னைக்கு ஒரு வருஷம் முழுக்கக் கிடைக்கிற மழையில் பாதிக்கு மேல் அது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியிலும் அதே அளவு மழை ஒரே நாளில் பெய்தது. இப்படிப்பட்ட மழைக்கு அடுத்த நாள் எந்த லாரி எந்த வளைவில் ஏறும்?

இன்னொன்றும் உண்டு. அவலாஞ்சி, குந்தா, கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை அடிக்கும். குன்னூர், கோத்தகிரி, கேத்தி பக்கம் வடகிழக்கு அடிக்கும். ஒரே மாவட்டத்தில் இரண்டு மழைக்காலம், இரண்டு விதமான சேதம். ஜூனில் கூடும் கூட்டத்தின் ஏற்பாட்டை அக்டோபரில் தேதி மாற்றி எடுத்துக்கொள்ள முடியாது. ஜூலையில் குந்தாவுக்கு அனுப்பிய கம்பமும் கம்பியும் நவம்பரில் கோத்தகிரிக்கு வந்து சேர்ந்திருக்கிறதா என்று யாராவது எண்ணிப் பார்க்க வேண்டும்.

இப்போது மோட்டார் ரூமுக்கு வருகிறேன். மழை முடிந்து ஒரு நாள் மாலை எங்கள் ஊருக்குக் கரண்ட் வந்தது. தெருவிளக்கு எரிந்தது, டிவி ஓடியது, பிள்ளைகள் கத்தினார்கள். மோட்டாரும் உருமியது. ஆனால் தொட்டியில் ஒரு சொட்டு ஏறவில்லை. ஆபரேட்டர் வால்வைத் திறந்து பார்த்தார், குழாய் உடைந்திருக்குமோ என்று இரவில் டார்ச்சோடு சரிவு முழுக்க நடந்தார். குழாய் நன்றாகத்தான் இருந்தது. அறுந்த கம்பிகளை மீண்டும் சேர்த்தபோது பேஸ் வரிசை, அதாவது மும்முனை மின்சாரத்தின் மூன்று கம்பிகளின் வரிசை, மாறிவிட்டிருந்தது. மூன்று பேஸ் மோட்டாரில் இரண்டு பேஸ் இடம் மாறினால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும். சத்தம் கேட்கும், மீட்டர் ஓடும், தண்ணீர் மட்டும் மேலே போகாது. இரண்டு வயரைக் கழற்றி மாற்றிப் பூட்டினால் தீர்ந்துபோகிற விஷயம். அது தெரிந்தவர் மறுநாள் வேறு ஊரிலிருந்து வரும்வரை ஊர் மொத்தமும் வெளிச்சத்தில் உட்கார்ந்துகொண்டு தாகமாக இருந்தது.

கம்பி இழுத்த பையன்களைக் குறை சொல்லவில்லை. இருட்டில், சேற்றில், கரடியும் காட்டெருமையும் திரிகிற தேயிலைச் சரிவில், சிமென்ட் கம்பத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறியவர்கள் அவர்கள். கிரேன் வராத இடத்தில் கம்பம் மனிதத் தோளில்தான் ஏறுகிறது. அட்டை கடித்த கால்களோடு டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்களிடம் எங்கள் ஊர்ப் பெண்கள் காசு வாங்கவில்லை. பிழை ஆட்களிடம் இல்லை. லைனில் மீண்டும் மின்சாரம் விட்ட நேரத்தில் மோட்டார் ரூமில் நிற்க ஒரு ஆளை யாரும் அனுப்பவில்லை, அவ்வளவுதான். லைன்மேனின் வேலை டிரான்ஸ்பார்மரில் முடிகிறது, ஆபரேட்டரின் வேலை ஸ்டார்ட்டரில் தொடங்குகிறது. நடுவில் இருக்கும் அந்தப் பத்து மீட்டர் வயர் யாருடையது என்று தெரியாமல்தான் ஊர்கள் காத்துக்கிடக்கின்றன.

பேஸ் மாறுவதாவது பரவாயில்லை. மூன்றில் ஒரு பேஸ் வராமல் போனால் இன்னும் மோசம். ஆர்வத்தில் ஸ்விட்சைப் போட்டால் மிச்சமுள்ள இரண்டில் மோட்டார் திணறிக் கொஞ்ச நேரத்தில் காயில் கருகிவிடும். லோ வோல்டேஜிலும் அதே கதை. ரீவைண்டிங் செய்ய மோட்டாரைக் கழற்றி மேட்டுப்பாளையமோ கோயம்புத்தூரோ கொண்டுபோக வேண்டும். சாலை இல்லையென்றால் அதுவும் இல்லை. சில நூறு, சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கிற சிங்கிள் பேஸ் பிரிவென்டர் இதைத் தடுக்கும். உங்கள் கணக்கில் எத்தனை மோட்டார் ரூம்களில் அது இருக்கிறது, இருப்பவற்றில் எத்தனை வேலை செய்கின்றன என்று கோடையிலேயே பார்த்துவிடலாம். மழையில் பார்க்க வேண்டிய வேலை அல்ல அது.

தண்ணீருக்கு முதலிடம் என்றால் ஏதோ பெரிய மின்சாரம் கேட்கிறோம் என்று நினைக்கிறார்கள். ஆகவே ஒரு கணக்கு. ஆயிரம் பேர் உள்ள ஊர். ஜல் ஜீவன் திட்ட அளவுப்படி ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர், மொத்தம் 55,000 லிட்டர். ஓடை கீழே, தொட்டி மேலே, இடையில் 100 மீட்டர் ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். இவ்வளவு தண்ணீரை இவ்வளவு உயரம் தூக்க வேண்டிய ஆற்றல் 15 யூனிட். தேய்ந்த பம்ப், துருப்பிடித்த குழாய், வளைவுக்கு வளைவு உராய்வு என்று பாதி வீணாகிப் போனாலும் 30 யூனிட். பத்து குதிரைத்திறன் மோட்டார் சுமார் நான்கு மணி நேரம் ஓடினால் வேலை முடிந்தது. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டை அரசு 2016-இல் இலவசமாக்கியது. அதில் மூன்றில் ஒரு பங்கு கூட வேண்டாம், ஓர் ஊர் ஒரு நாள் முழுக்கக் குடிக்கும், சமைக்கும், குளிக்கும், கழிப்பறையில் ஊற்றும். உயிர் தாங்கினால் போதும் என்று நிவாரண அமைப்புகள் சொல்கிற ஆளுக்கு 15 லிட்டரை மட்டும் எடுத்தால் எட்டு யூனிட்டுக்குச் சற்று மேல்.

கழிப்பறையைச் சும்மா சேர்க்கவில்லை. வீட்டுக்கு வீடு கழிப்பறை கட்டி முடித்தாயிற்று. வாளித் தண்ணீர் இல்லாத நாளில் அது பூட்டிய அறை. பெண்கள் விடியும் முன் தேயிலைக்குள் ஒதுங்க வேண்டிவருகிறது, சிறுத்தை நடமாடுகிற ஊர்களில். தெருவிளக்கு இல்லாமல் நாலு நாள் இருந்துவிடலாம். மெழுகுவத்தி வாங்கலாம், போனைக் காரில் சார்ஜ் போடலாம். தண்ணீருக்கு மெழுகுவத்தி கிடையாது.

இந்த 30 யூனிட்டுக்காக 11 கே.வி. ஃபீடர் (துணைமின்நிலையத்திலிருந்து ஊர்களுக்கு வரும் உயரழுத்த லைன்) முழுவதும் சீராகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு லிட்டர் டீசலில் ஜெனரேட்டர் ஏறக்குறைய மூன்று யூனிட் தரும். பத்து லிட்டர் டீசல் போதும். மோட்டார் கிளம்பும்போது ஓடுவதைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும் என்பதால் 25 கே.வி.ஏ. அளவிலான ஜெனரேட்டர் தேவைப்படும். அது இந்த மலையில் இல்லாத பொருளா? கல்யாண மண்டபங்களில் இருக்கிறது. ரிசார்ட்டுகளில் இருக்கிறது. பந்தல்காரர்களிடம் வண்டியில் ஏற்றிய நிலையிலேயே இருக்கிறது. தேயிலைத் தொழிற்சாலைகளில் இதைவிடப் பெரியதே இருக்கிறது. பறித்த பசுந்தேயிலை காத்திருக்காது, வதங்கும் நேரம் தாண்டினால் கெட்டுப்போகும், அதனால் இண்ட்கோ கூட்டுறவுத் தொழிற்சாலையோ தனியார் தொழிற்சாலையோ கரண்ட் போன அடுத்த நிமிஷம் இயந்திரத்தை ஓட்டியாக வேண்டும். இலைக்குக் கிடைக்கிற முன்னுரிமை மனிதருக்கும் கிடைத்தால் நன்றாயிருக்கும் என்பதைத் தவிர எனக்கு அதில் பொறாமை இல்லை, நானும் இலை போடுகிறவன்தான்.

இல்லாதது ஜெனரேட்டர் அல்ல. அதைச் சொருக ஓர் இடம். மோட்டார் ரூம் சுவரில் ஒரு சேஞ்ச்-ஓவர் ஸ்விட்சும் (லைன், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் இணைப்பது) ஒரு தொழிற்சாலை வகை சாக்கெட்டும் முன்கூட்டியே பொருத்தியிருந்தால், வண்டி வந்த அரை மணியில் தண்ணீர் ஏறும். இல்லாவிட்டால் வயரைச் சீவி முறுக்கி டேப் சுற்றுகிற வேலைதான். மழையில் நனைந்த அறையில் அப்படிச் செய்வது எவ்வளவு ஆபத்து என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதைவிடப் பெரிய ஆபத்து ரிட்டர்ன் சப்ளை. சேஞ்ச்-ஓவர் இல்லாமல் ஜெனரேட்டரை வீட்டு வயரிங்கில் கொடுத்தால் அந்த மின்சாரம் டிரான்ஸ்பார்மர் வழியே பின்னோக்கிப் போய் 11 கே.வி.யாக எழும். எல்.சி. (லைனை நிறுத்தியாயிற்று என்ற அனுமதி) வாங்கி, லைன் செத்துவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியவர் அங்கே இருப்பார். கம்பியைத் தரையோடு இணைக்கும் எர்த் ராட் போடாமல் கை வைக்கக் கூடாது என்பது விதி. விதி மட்டும் போதாது. ஒவ்வொரு காட்டேஜ் முதலாளியும், ஒவ்வொரு ஹோம் ஸ்டே நடத்துபவரும் தன் ஜெனரேட்டரில் முறையான சேஞ்ச்-ஓவர் இருக்கிறது என்று கோடையிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். உரிமம் புதுப்பிக்கும்போது இதையும் ஒரு பத்தியாகச் சேர்ப்பதில் யாருக்கு என்ன சிரமம்?

மே மாத மலர்க் கண்காட்சிக்கு ஒவ்வொரு வருஷமும் எத்தனை துறைகள் எவ்வளவு முன்பே உட்கார்ந்து பேசுகின்றன என்று ஊட்டியில் எல்லோருக்கும் தெரியும். பூவைக் குறை சொல்லவில்லை. அந்த அக்கறையில் கால் பங்கு போதும்.

அடுத்து ஃபீடர். நம் மலைகளில் கம்பி அறுவதற்குச் சரிவு ஒரு காரணம் என்றால் மரம் பத்துக் காரணம். சீகை (வாட்டில்) மரத்துக்கு வேர் ஆழம் போகாது, ஊறிய மண்ணில் சின்னக் காற்றுக்கே மல்லாந்துவிடும். கற்பூர மரம் உயரமாக வளர்ந்து, விழுந்தால் இரண்டு கம்பத்தை இழுத்துக்கொண்டு விழும். இரண்டுமே வெள்ளைக்காரன் காலத்தில் வந்த மரங்கள். சோலையில் காற்றைத் தாங்கிக் குட்டையாகக் கைகோத்து நிற்கிற மரங்கள் லைன் மேல் விழுந்ததாக நான் அதிகம் பார்த்ததில்லை. மரம் வெட்ட அனுமதி வேண்டும் என்பது சரி. 1955-இல் வந்த மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இல்லாதிருந்தால் இன்று எதைக் காப்பாற்றுவது என்று பேச மரமே இருந்திருக்காது. நான் கேட்பது அனுமதியைத் தளர்த்துவதை அல்ல. மாவட்டம் முழுக்க எல்லா லைனையும் சுத்தப்படுத்தவும் சொல்லவில்லை, அது நடக்காது. குடிநீர் மோட்டாருக்குப் போகிற லைன்களை மட்டும் தனியே பட்டியலிட்டு, வனத்துறையும் மின்துறையும் வருவாய்த்துறையும் ஒரே நாளில் சேர்ந்து நடந்து, எந்த மரம், எந்தக் கிளை என்று பெயின்ட் அடித்துவிட்டு வாருங்கள். மூன்று துறைகள் மூன்று தனித்தனி நாளில் நடந்தால் மழை முந்திக்கொள்ளும். அந்த லைன்களுக்கு மட்டுமாவது வெறும் கம்பிக்குப் பதில் காப்பிட்ட ஏரியல் கேபிள் இழுக்க முடியுமா என்றும் பாருங்கள். கிளை உரசினால் ட்ரிப் ஆகாது. தரைக்கடியில் புதைக்கலாமே என்று ஒவ்வொரு முறையும் யாராவது சொல்வார்கள். நகரத்துக்கு அது சரியாக இருக்கலாம். நகர்கிற சரிவில் புதைத்த கேபிள் மண்ணோடு போய்விடும், எங்கே அறுந்தது என்று தேடவே நாள் கணக்கில் ஆகும்.

கம்பமும் டிரான்ஸ்பார்மரும் எங்கே இருப்பில் இருக்கின்றன என்பது இதோடு சேர்ந்த விஷயம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் இரண்டு சாலைகளும், பர்லியாறு பக்கமும் குஞ்சப்பனை பக்கமும், ஒரே இரவில் அடைபட்டால் கீழேயிருந்து எதுவும் மேலே வராது. கல்லட்டியும் கூடலூர்ச் சாலையும் திறந்திருந்தால் அதிர்ஷ்டம். கோத்தகிரிக்குத் தேவையானது கோத்தகிரியிலும், குந்தாவுக்குத் தேவையானது மஞ்சூரிலும், பந்தலூருக்குத் தேவையானது பந்தலூரிலும் மழைக்கு முன்பே இறங்கியிருக்க வேண்டும். ஆட்களுக்கும் அதே நியாயம். கஜா வேதாரண்யத்தில் கரையேறி திண்டுக்கல் வரை வந்து கொடைக்கானல் மலையையும் உலுக்கிவிட்டுப் போனது. அப்படி ஒரு புயலில் மாநிலம் முழுக்க உள்ள லைன் ஆட்கள் கடலோரத்துக்குத் தேவைப்படுவார்கள். மலைக்கு வெளியாள் வருவார் என்று நம்பித் திட்டம் போடுவது சரியல்ல. ஒவ்வொரு ஊராட்சியிலும் ஐ.டி.ஐ. முடித்த இளைஞர்கள் இருக்கிறார்கள். கம்பத்தில் ஏறவோ கம்பியைத் தொடவோ வேண்டாம். மரம் அறுக்க, கம்பம் சுமக்க, குழி தோண்ட, லைன் போகும் பாதையில் நடந்து எங்கே அறுந்திருக்கிறது என்று படம் எடுத்து அனுப்பப் பழக்கிவைக்கலாம். லைன் பாதையை நடந்து பார்ப்பதிலேயே ஒரு நாள் போய்விடுகிறது.

பொக்லைன் ஓட்டுநர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சரிந்த மண்ணைத் தள்ளும்போது அதன் அடியில் உயிரோடு இருந்த குழாயும் கேபிளும் சேர்ந்து போய்விடுகின்றன. சரிவில் தப்பித்த குழாய் சீரமைப்பில் உடைவது வேறெங்கேயும் நடக்கிறதா தெரியாது, இங்கே சாதாரணம். குழாய் போகிற இடத்தில் மஞ்சள் கல் நடுங்கள். பொக்லைன் பக்கத்தில் ஊராட்சி ஃபிட்டர் ஒருவர் நிற்கட்டும். சாலை ஒரு மணி நேரம் தாமதமாகத் திறந்தால் பரவாயில்லை.

மோட்டார் ஓடிவிட்டது, பேஸ் சரி என்றாலும் உடனே தண்ணீரை விட்டுவிடக் கூடாது. சரிவுக்குப் பின் ஓடை செம்மண் குழம்பாகத்தான் வரும். அதை ஏற்றினால் பம்பில் தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் தேயும், தொட்டியின் அடியில் சேறு படியும், சேற்றோடு கலந்த பிளீச்சிங் பவுடர் கிருமியைக் கொல்வதற்குப் பதில் சேற்றோடு மல்லுக்கட்டித் தீர்ந்துபோகும். முதலில் தெளிய விட வேண்டும், கழிவு வால்வைத் திறந்து குழாயை அலச வேண்டும், தொட்டியைக் கழுவ வேண்டும், பிறகுதான் குளோரின். கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர அளவு. அதைப் பார்க்கும் குளோரோஸ்கோப் சின்னக் கருவி, நிறம் பார்த்துச் சொல்லிவிடலாம். ஊராட்சியில் இருக்கும். அதற்கான மருந்துச் சொட்டு காலாவதியாகிவிட்டதா என்று இப்போதே எடுத்துப் பாருங்கள். மழைக்காலத்தில் வாந்திபேதி வந்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் வரிசை நிற்கும்போது பார்த்தால் காலம் கடந்துவிடும்.

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லைன் வீடுகளும் காட்டோரக் குடியிருப்புகளும் இந்தக் கணக்கில் எங்கே இருக்கின்றன என்று கேட்டாக வேண்டும். எத்தனை இணைப்புகளுக்கு மின்சாரம் திரும்பியது என்று எண்ணினால் நகரம்தான் எப்போதும் முதலில் வரும். ஒரு டிரான்ஸ்பார்மரைச் சரிசெய்தால் நூறு வீடு கணக்கில் ஏறும். கரிக்கையூர் போன்ற கீழ்க்கோத்தகிரிப் பழங்குடி ஊர்களுக்கோ, தேயிலைத் தோட்டத்து லைன்களுக்கோ அதே உழைப்பில் பத்து வீடுதான் ஏறும். எண்ணிக்கை நியாயம் பேசுவதுபோல் தோன்றும், ஆனால் தூரத்தில் இருப்பவரை எப்போதும் கடைசியில் தள்ளும். தண்ணீர் ஏறிய தொட்டிகளை எண்ணுங்கள், வரிசை தானாக மாறும்.

ஊருக்கு என்ன சொல்வது என்பதிலும் கொஞ்சம் மாற்றம் வேண்டும். "இன்று மாலைக்குள் வந்துவிடும்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். ஐந்து நாள் ஆகும் என்றால் ஐந்து நாள் என்றே சொல்லுங்கள், நாங்கள் தாங்கிக்கொள்வோம், பாட்டியைக் கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்கு அனுப்புவதா வேண்டாமா என்று முடிவெடுப்போம். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்குப் போன் போடலாம், வாட்ஸ்அப் குழுவில் கேட்கலாம், டவர் உயிரோடு இருக்கும்வரை. பேட்டரி தீர்ந்து, ஜெனரேட்டரில் டீசல் தீர்ந்தால் டவரும் ஊமை. அப்போது ரேஷன் கடை வாசலில் ஒரு கரும்பலகை போதும். காவல்துறை வயர்லெஸ்ஸில் வந்த தகவலை சாக்பீஸால் எழுதட்டும்: எந்த ஃபீடர், எங்கே வேலை நடக்கிறது, எப்போது எதிர்பார்க்கலாம். எழுதியவர் பெயரும் நேரமும் கீழே இருக்கட்டும்.

மின்சாரமே வேண்டாத தண்ணீரும் இந்த மலையில் உண்டு. எங்கள் ஹட்டிகள் (படுகர் ஊர்கள்) ஒவ்வொன்றும் ஏதாவது ஓர் ஊற்றை நம்பி உட்கார்ந்தவைதான். மேலேயிருந்து கீழே தானாக வருகிற தண்ணீர். குழாய் வந்த பிறகு ஊற்றை மறந்தோம், சதுப்பை மேடாக்கி கேரட் போட்டோம், வீடு கட்டினோம். இது அரசு மட்டும் செய்த தவறு இல்லை, ஊரும் சேர்ந்துதான் செய்தது. கோத்தகிரி கீஸ்டோன் அறக்கட்டளை போன்றவர்கள் நீரூற்றுகளைப் பற்றிப் பல வருஷமாக வேலை செய்கிறார்கள். ஊருக்கு ஓர் ஊற்றையாவது சுத்தம் செய்து, மூடிய தொட்டி கட்டி, நீர்ப் பரிசோதனை செய்து வைத்தால், மோட்டார் செத்த வாரத்தில் குடிக்கவாவது ஆகும். ஊரக வேலைத் திட்ட ஆட்களே செய்துவிடக்கூடிய வேலை.

இந்த மலைக்கு மின்சாரம் புதிது அல்ல என்பதை நினைவுபடுத்துவதில் தவறில்லை என்று நினைக்கிறேன். 1932-இல் பைக்காராவில் தண்ணீரை விழவைத்து எடுத்த மின்சாரம் கீழே கோயம்புத்தூர் மில்களை ஓட்டியது. பிறகு கனடா நாட்டு உதவியோடு குந்தாத் திட்டம் வந்தது. ஒரே தண்ணீர் படிப்படியாக இறங்கி ஒன்றன்பின் ஒன்றாகப் பல மின்நிலையங்களைச் சுற்றுகிறது. தண்ணீரைக் கீழே விட்டுக் கரண்ட் எடுப்பதில் தேர்ந்த மாவட்டம் இது. கொஞ்சம் கரண்ட் கொடுத்துத் தண்ணீரை மேலே ஏற்றுகிற எளிய வேலையில்தான் ஒவ்வொரு மழைக்கும் தடுமாறுகிறோம்.

அடுத்த முன்னேற்பாட்டுக் கூட்டத்தில் ஒரே ஒரு படிவத்தை மாற்றினால் போதும். பேரிடர் நாட்களில் தினமும் தயாராகிற நிலவர அறிக்கையில் விழுந்த கம்பம், நட்ட கம்பம், சரியான டிரான்ஸ்பார்மர் என்று கட்டங்கள் இருக்கின்றன. பக்கத்தில் இன்னும் ஒரு கட்டம் போடுங்கள்: தண்ணீர் ஏறிய தொட்டி. அதில் லைன்மேனும் டேங்க் ஆபரேட்டரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் அந்த ஊர் முடிந்ததாகக் கணக்கு. அந்த ஒரு கையெழுத்துக்காகவாவது இருவரும் ஒரே நேரத்தில் மோட்டார் ரூமில் நிற்பார்கள்.

எங்கள் ஊராட்சிக்கு நாங்களே ஒரு தாள் தயாரித்துவிட்டோம். எந்த மோட்டார் ரூம், எந்த டிரான்ஸ்பார்மர், எந்த ஃபீடர், ஏற்றம் எத்தனை மீட்டர், மோட்டார் எத்தனை குதிரைத்திறன், சாவி யாரிடம், பக்கத்தில் ஜெனரேட்டர் யாரிடம், வண்டி எதுவரை போகும், மாற்று ஊற்று எங்கே. ஒரே பக்கத்தில் அடங்கிவிட்டது. பக்கத்து ஊராட்சிகளும் கேட்டு வாங்கிப் போயிருக்கிறார்கள். அதை எந்த அலுவலகத்தில், யாரிடம் கொடுத்தால் மழை வரும்போது மேசை மேல் இருக்கும் என்று மட்டும் எங்களுக்கு எழுத்தில் தெரியப்படுத்துங்கள்.

இப்படிக்கு,
ஊர்க் குடிநீர்க் குழு உறுப்பினர் ஒருவர்,
கோத்தகிரி வட்டம், நீலகிரி.